புதுப்பிப்பு: காலைத் தலைக்கனமும் படுக்கையறைக் காற்றும்

காற்றுச் சுத்திகரிப்பான் இரவு முழுவதும் ஓடியும் காலையில் தலை கனப்பது ஏன் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். கரியமில வாயுவை அளந்து பார்க்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. காரணம் அதுவாகவே தெரிகிறது. சுத்திகரிப்பானில் உள்ள ஹெப்பா என்னும் நுண்துகள் வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்தாலும் கரியமில வாயுவைத் தடுப்பதில்லை என்பதால், கதவும் சன்னலும் சாத்திய அறையில் நாங்கள் இருவர் விட்ட மூச்சு இரவெல்லாம் தேங்கி, வெளிக்காற்றில் ஏறத்தாழ 420 பிபிஎம்மாக (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) இருக்கும் அவ்வாயு, விடியற்காலையில் 2,000-ஐத் தாண்டியிருந்தது.

இப்போது சன்னலைச் சற்றே திறந்து, அறைக்கதவையும் ஒருக்களித்து வைத்து உறங்குகிறோம். அளவு 900-க்கு மேல் ஏறுவதில்லை, தலைக்கனமும் விட்டுவிட்டது. வெளியே புகை மிகுந்த நாள்களில் மட்டும் சன்னலைச் சாத்திக் கதவை அகலத் திறக்கிறோம். செடி வளர்க்கச் சொன்ன அன்பருக்கு: அவை கண்ணுக்கு இதம்தான், ஆனால் சில தொட்டிகளால் இந்த அளவு குறையாது.