மின்சாரமும் சிக்னலும் ஒன்றாகப் போனால் அம்மா பையைத் தேடுகிறார்

கேள்வி: வயற்கரை (புதுக்குடியிருப்பு)

கடந்த வாரம் இரவு எட்டு மணியளவில் எங்கள் ஒழுங்கையின் முனையிலுள்ள ட்ரான்ஸ்போமரில் பெருஞ்சத்தம் ஒன்று கேட்டது. விளக்குகள் அணைந்தன; சற்று நேரத்தில் கைபேசியின் சிக்னலும் போய்விட்டது. எழுபது வயதைக் கடந்த அம்மா, ஒன்றும் பேசாமல், அடையாள அட்டைகளும் காணி உறுதியும் இருக்கும் பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து அமர்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரத்தில் திருத்திவிட்டார்கள். ஆனால் அவர் விடியும்வரை பையைக் கையிலிருந்து விடவில்லை. முன்பு மின்வெட்டை ஒரு பொருட்டாகவே எண்ணாதவர்; எரிபொருள் முடியப்போகிறது என்று ஊரெல்லாம் கதை அடிபடத் தொடங்கிய பிறகே இப்படி ஆகியிருக்கிறார். சாதாரணக் கோளாறு என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: கம்பிக்காரன் (மாங்குளம்)

மின்பணியாளன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் கேட்டது பெரும்பாலும் ட்ரான்ஸ்போமர் வெடித்த சத்தமாக இராது. அதன் மேலே குழாய் வடிவில் தொங்கும் பியூசுக்குள் கம்பி உருகும்போது உண்டாகும் வாயு, குழாயின் வாயால் வெடிச்சத்தத்துடன் வெளியேறும். துவக்குச் சத்தம் போலவே இருக்கும். ஒரு கொப்பு, ஒரு வௌவால், ஓர் அணில் போதும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதுமே இருளில் மூழ்கியது என்று அமைச்சரே சொன்னார். நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றுபோனதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு இருந்தது.

சிக்னல் போனதற்கும் காரணம் உண்டு. கோபுரத்துக்கும் அதே மின்சாரம்தான். பற்றரி பழையதாக இருந்தால் விரைவில் இறங்கிவிடும். வீட்டு வைபை அணைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கைபேசித் தரவுக்கு மாறுவதால் நெரிசலும் ஏற்படும்.

பதில்: பழைய வாத்தியார் (கிளிநொச்சி)

தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் இருளைக் கண்டு அந்தத் தாயார் அஞ்சியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்துவதற்காக ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கேற்றியும், பற்றரி கிடைக்காததால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டும் வாழ்ந்த தலைமுறை அது. விமானச் சத்தம் கேட்டால் இருந்த விளக்கையும் நாங்களே அணைத்தோம். அக்காலத்தில் எங்களைக் கலங்கடித்தது, இருந்த ஒன்று திடீரென நின்றுபோவதுதான். 2006 ஆகஸ்ட் 11 அன்று யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 பாதை மூடப்பட்டபோது, அலுவலாக யாழ்ப்பாணம் போனவர்கள் அங்கேயும் அவர்களுடைய பிள்ளைகள் இங்கேயுமாக நின்றுவிட்டார்கள். கலியாண வீடுகளில் படம்பிடிக்கப் பறக்கவிடும் கருவியின் இரைச்சல் கேட்டால், 'வண்டு' என்று நாங்கள் சொன்ன ஆளில்லா வேவு விமானம் வந்துவிட்டதோ என்று இன்றைக்கும் அண்ணாந்து பார்ப்பவன் நான்; அது மாப்பிள்ளையைப் படம்பிடிக்கிறது என்பது தெரிந்தும்தான்.

பதில்: இரவுப் பேருந்து (வவுனியா)

ஐயா மன்னிக்க வேண்டும், எல்லாவற்றையும் போர்க்கால நினைவில் ஏற்றிவிட முடியாது. 2022 ஏப்ரல் 3 அன்று காலையில் வட்ஸ்அப் திறக்கவில்லை. கைபேசியை மூன்று முறை அணைத்து ஏற்றினேன், சிம்மைக் கழற்றித் துடைத்தேன். ஊரடங்கோடு சேர்த்துச் சமூக ஊடகங்களையும் முடக்கியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும் அதுவே நடந்தது. பழுதும் தடையும் திரையில் ஒரே மாதிரித்தான் தெரிகின்றன. ஆகவே, ஏதோ நடக்கிறது என்று சந்தேகிப்பவரை வீண்பயம் கொள்பவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில்: கம்பிக்காரன் (மாங்குளம்)

அப்படியானால், கோளாறு எவ்வளவு தூரத்துக்கு என்பதை அம்மா தாமே அறிய ஒரு வழி வேண்டும். வயலுக்கு அப்பால் வெளிச்சம் தெரிந்தால் பழுது உங்கள் ட்ரான்ஸ்போமரோடு முடிந்தது. பற்றரியில் இயங்கும் சிறிய வானொலி ஒன்றும் வாங்கி வையுங்கள்.

வயற்கரை (புதுக்குடியிருப்பு)

அனைவருக்கும் நன்றி. வானொலி வாங்கிவிட்டேன். நேற்று மாலையும் மின்சாரம் போனது. அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டே வானொலியைத் திருகினார். வழக்கமான குரலில் மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு அறிவித்தல்களைக் கேட்டு முடித்துவிட்டு, "இஞ்ச மட்டும்தான் போயிருக்கு" என்றபடி உலைக்கு அரிசி போட எழுந்தார்.