காலமுரணா, காலவழுவா? வெஸ்டர்ன் படத் துப்பாக்கிகளை முன்வைத்து

குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. பழைய மடல்களை வெட்டிவிட்டு, நான் பதில் சொல்ல வேண்டிய வரிகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பேச்சு இதுதான்: ஒரு காலத்துக் கதையில் அந்தக் காலத்தில் இல்லாத பொருள் வந்தால் (anachronism) அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

> 'காலமுரண்' பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இன்னொரு சொல் எதற்கு?

சொல் இருக்கிறது ஐயா, அந்த ஒரு சொல்லை வைத்து வேலைதான் நடக்கவில்லை. வெஸ்டர்ன் படங்களில் வரும் துப்பாக்கிகள் கதை நடக்கும் காலத்துக்குப் பொருந்துகின்றனவா என்று ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். நாலாவது பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன், ஏனென்றால் அதற்குள் 'காலமுரண்' ஒன்பது முறை வந்துவிட்டது, ஒன்பதும் ஒரே பொருளில் இல்லை.

எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1939-ல் வந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தின் கதை 1880 வாக்கில் நடக்கிறது. ஜான் வெய்ன் அறிமுகமாகும் காட்சியில் நெம்புகோலில் பெரிய வளையம் வைத்த வின்செஸ்டர் நீளத் துப்பாக்கியை ஒரு சுழற்று சுழற்றுவார். அந்தத் துப்பாக்கி 1892 மாடல். ஜான் பிரௌனிங் அதை வடிவமைப்பதற்கு ஒரு பத்து வருடம் முன்பே வெய்ன் நடிக்கும் ரிங்கோ கிட் கையில் வந்து உட்கார்ந்துவிட்டது. 1880களில் நடப்பதாகச் சொல்லப்படும் 'த ரைஃபிள்மேன்' தொலைக்காட்சித் தொடரிலும் நாயகன் கையில் அதே 1892-தான். ஹாலிவுட் வெஸ்டர்ன்களை வரிசையாகப் பார்த்தால் அந்த மாடல் வராத படத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இது அறியாமையா? இல்லை. ஸ்டுடியோவின் ஆயுதக் கிடங்கில் இருந்தவர்களுக்கு 1873 வின்செஸ்டர் எது, 1892 எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்லத் தெரியும். காரணம் வேறு. முதலாவது, 1892 பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற மாடல், சல்லிசாகக் கிடைத்தது, உள்ளமைப்பும் 1873-ஐவிட உறுதியானது. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த காரணம். ஹாலிவுட்டில் 'ஐந்துக்கு ஒன்று' என்ற பெயரில் ஒரு சத்தத் தோட்டா (குண்டு இல்லாமல் சத்தம் மட்டும் போடுவது) உண்டு. .38-40, .44-40 அளவுகளில் வரும் சுழல்துப்பாக்கிகள், அதே இரண்டு அளவுகளில் வரும் நீளத் துப்பாக்கிகள், .45 கோல்ட் சுழல்துப்பாக்கி, ஆக ஐந்துக்கும் அந்த ஒரே தோட்டா பொருந்தும். பாலைவனத்தில் நாற்பது குதிரைகளையும் துணை நடிகர்களையும் வைத்துக்கொண்டு வெயில் இறங்குவதற்குள் ஷாட்டை முடிக்க வேண்டியவருக்கு, யார் இடுப்பில் எந்த அளவு என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா? பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

இப்போது வேறொரு படம். 1969-ல் வந்த 'த வைல்ட் பஞ்ச்'. கதை 1913-ல் மெக்சிகோ எல்லையில் நடக்கிறது. கோல்ட் 1911 கைத்துப்பாக்கி வருகிறது, சரி, அது வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனால் கடைசிச் சண்டையில் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகும் அந்த இயந்திரத் துப்பாக்கி பிரௌனிங் 1917. ஆண்டு பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது!

மூன்றாவது வகை இன்னும் வேடிக்கை. பழைய ஹாலிவுட் படங்களில் சிக்கிமுக்கிக் கல் பொறித் துப்பாக்கிகளின் காலத்துப் படைவீரர்கள் தூக்கிக்கொண்டு ஓடும் துப்பாக்கிகளில் பல, உண்மையில் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு வந்த ஸ்பிரிங்ஃபீல்டுகள். பின்பக்கம் மூடியைத் திறந்து தோட்டா போடும் வகை. அதன் பக்கவாட்டில் பொய்யாக ஒரு சிக்கிமுக்கிப் பொறியை ஒட்டிவைத்து, பார்வையாளருக்குத் தெரியாமல் பின்னால் தோட்டாவைச் செருகிச் சுடுவார்கள். வின்செஸ்டரின் முன்பக்க மரத்தைக் கழற்றிவிட்டு 1860-ன் ஹென்றி துப்பாக்கி என்று காட்டுவதும் இதே ரகம்தான் (ஹென்றிக்கு முன்கை மரம் கிடையாது). இதைக் காலமுரண் என்று எப்படிச் சொல்வது? முரண் தெரியக் கூடாது என்றுதானே இவ்வளவு பாடு!

இப்படி மூன்றுக்கும் மூன்று பெயர் வேண்டும். நான் முன்வைப்பவை:

காலவழு: காலம் பிறழ்ந்தது, காரணமும் இல்லை.
காலவழுவமைதி: பிறழ்ந்தது, ஆனால் ஏற்கத்தக்க காரணம் உண்டு.
காலவேடம்: பிந்திய பொருள் முந்தைய பொருளாக வேடம் கட்டி வருவது.

முதல் இரண்டும் நான் உட்கார்ந்து கண்டுபிடித்தவை இல்லை, நன்னூலில் இருந்து எடுத்து வந்தவை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு ஏழு. அவற்றில் காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை பிறழ்கிறது, ஆனாலும் உவப்பினால் வந்தது என்று விட்டுவிடுகிறோம். சாப்பிடக் கூப்பிட்டால் நாற்காலியை விட்டு எழாமலே 'இதோ வந்துட்டேன்' என்கிறோமே, அது விரைவு பற்றிய கால வழுவமைதி. 1892 வின்செஸ்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான், வர வேண்டிய நேரத்துக்கு முன்பே 'வந்துட்டேன்' என்கிறது.

> வழு என்றால் கணினிக்காரர்கள் நிரல்பிழை என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்?

எடுத்துக்கொள்ளட்டும். அவர்களும் இலக்கணத்தில் இருந்து இரவல் வாங்கியவர்கள்தான். முன்னொட்டாகக் 'காலம்' நிற்கும்போது யாரும் நிரலைத் தேடிப் போக மாட்டார்கள்.

அப்புறம், காலத்துக்குப் பொருந்திய பொருளைக் 'காலப்பொருத்தம் உள்ள துப்பாக்கி' என்று எழுதிவருகிறேன். ஜாதகம் பார்ப்பது போல இருக்கிறது என்று வீட்டில் கிண்டல். பரவாயில்லை, பார்ப்பதும் அதேதான்.

சிவகாசியிலிருந்து வரும் டெக்ஸ் வில்லர் படக்கதைகளைத் தமிழில் படித்து வளர்ந்தவர்கள் குழுவில் நிறையப் பேர் இருப்பீர்கள். வின்செஸ்டரும் கோல்ட்டும் நமக்குப் புதுச் சரக்கில்லை. அவற்றைப் பற்றிப் பேசுவதற்கான சொற்கள்தான் இன்னும் சேரவில்லை.

----

தம்பி,

மடல் நன்று. காலவேடம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வழுவமைதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. காரணம் இருந்தால் அமைதி என்கிறீர்கள். சினிமாக்காரரிடம் கேட்டால் எதற்குத்தான் காரணம் சொல்ல மாட்டார்? அந்த 1917 இயந்திரத் துப்பாக்கிக்கும் 'கையில் கிடைத்தது அதுதான்' என்று ஒரு காரணம் சொல்லிவிடலாமே. அப்படியானால் உலகத்தில் காலவழு என்று ஒன்றுமே மிஞ்சாது.

சோதித்துப் பார்க்க ஒரு படம் தருகிறேன்: செர்ஜியோ லியோனியின் 'த குட், த பேட் அண்ட் த அக்லி'. கதை உள்நாட்டுப் போரின்போது, 1862-ல், நியூ மெக்சிகோ பக்கம் நடக்கிறது. நாயகன் இடுப்பில் இருப்பது 1851 மாடல் கோல்ட் நேவி. ஆண்டுக்குப் பழுதில்லை. ஆனால் அந்த மாடல் தோட்டா போடுகிற துப்பாக்கியே அல்ல. ஒவ்வோர் அறையிலும் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் இடித்து, பின்னால் காம்பு காம்பாகக் கேப்பு மாட்ட வேண்டும். (தீபாவளிக்குக் கேப்புத் துப்பாக்கி வெடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.) படத்தில் வருவதோ உலோகத் தோட்டா போடும்படி மாற்றப்பட்டது. கோல்ட் நிறுவனம் அந்த மாற்று வேலையில் இறங்கியது 1870களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் இறங்கவும் முடியாது. உருளையை முழுக்கத் துளைத்துப் பின்பக்கமிருந்து தோட்டா போடும் உரிமம், ரோலின் வைட் என்பவர் 1855-ல் வாங்கியது, ஸ்மித் அண்ட் வெஸன் கையில் இருந்தது. துப்பாக்கிக்கு 25 சென்ட் அவருக்கு உரிமத்தொகை. அது காலாவதியானது 1869-ல்.

அதே படத்தில் டைனமைட்டும் வெடிக்கிறது. நோபல் அதற்குக் காப்புரிமை பெற்றது 1867.

இது உங்கள் கணக்கில் எது? வழுவா, அமைதியா, வேடமா?

----

அக்கா, இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

ஓட்டை உண்மைதான். முதலில் எனக்குத் தோன்றியது, அமைதி என்று சொல்லிவிடலாம் என்பது. படப்பிடிப்பில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஆறு அறைக்கும் மருந்து இடித்துக் கேப்பு மாட்டிக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும், தோட்டா என்றால் அரை நிமிடம். 1950களின் கடைசியிலிருந்தே இத்தாலியில் கார்தோனே வால் த்ரோம்ப்யா பக்கத்துப் பட்டறைகள் இந்தப் பழைய கோல்ட்டுகளுக்கு நகல் செய்துகொண்டிருந்தன (அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு வந்துகொண்டிருந்தது, கிராக்கி இருந்தது), ஆகவே கையில் கிடைத்ததற்கும் காரணம் உண்டு.

ஆனால் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது மனசு மாறிவிட்டது. துப்பாக்கிக் கடைக் காட்சி நினைவிருக்கிறதா? கொள்ளைக்காரன் டூகோ நாலைந்து சுழல்துப்பாக்கிகளைப் பிரித்துப் போட்டு, குழலை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்து, உருளையைக் காதருகில் சுழற்றிக் கேட்டு, தனக்கு வேண்டியதைப் பொறுக்கிச் சேர்ப்பான். முழுக்க முழுக்கத் துப்பாக்கியையே பார்க்கச் சொல்லும் காட்சி. அப்படிப் பார்க்கச் சொல்லிவிட்டு 1862-ல் தோட்டாவையும் கையில் கொடுக்கிறார்கள்! இடுப்புப் பட்டையில் தோட்டா வரிசை வேறு.

அதனால் விதியைத் திருத்துகிறேன். காரணம் இருக்கிறதா என்பது மட்டும் போதாது, பிறழ்ந்த பொருளின் மேல் காட்சி நிற்கிறதா என்றும் கேட்க வேண்டும். 'ஸ்டேஜ்கோச்'சில் அது 1873-ஆ 1892-ஆ என்பதால் கதையில் ஒரு மயிரிழையும் அசையாது. நெம்புகோல் துப்பாக்கி, அவ்வளவுதான். 1873 கிடைத்திருந்தால் அதைக் கொடுத்திருப்பார்கள், காட்சியும் அப்படியே இருக்கும். அது அமைதி. லியோனியின் கடைக் காட்சியில் உண்மையான நேவியைக் கொடுத்தால் டூகோ ஒரு பொடிக்குடுவையையும் கேப்பு டப்பாவையும் கேட்டு வாங்கி, நின்று நிதானமாகக் கெட்டிக்க வேண்டியிருக்கும், காட்சியின் வேகமே வேறாகிவிடும். அது வழு. நல்ல படம், எனக்குப் பிடித்த படம், வழுதான். டைனமைட்டும் அப்படியே, ஒரு பாலமே அதை நம்பித்தான் விழுகிறது. 1917 இயந்திரத் துப்பாக்கியில் எனக்கு இன்னும் கொஞ்சம் தயக்கம். 1913-ல் வேறு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன, அவற்றில் ஒன்றை வைத்திருந்தாலும் அதே சாவு விழுந்திருக்கும். பெயரில் ஆண்டு இருப்பதால் எனக்குக் கோபம் வந்ததே தவிர, திருத்திய விதிப்படி அதை அமைதிப் பக்கம் தள்ளத்தான் வேண்டும். முதல் மடலில் அதைக் காலவழுவுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. பொருள் சரியாக இருந்தும் கையாளும் விதம் பிசகுவதை மரபுவழு என்று தனியாக வைத்துக்கொள்வோம். 1873 மாடல் கோல்ட் சுழல்துப்பாக்கியை விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, குதிரையை (தோட்டாவைத் தட்டும் சுத்தியலை) வெற்று அறையின் மேல் இறக்கி வைத்துக்கொள்வார்கள், குதிரையில் அடிபட்டால் தன் காலையே சுட்டுக்கொள்ள நேரும் என்பதால். (முதல் குதிரை துப்பாக்கிக்குதிரை, இரண்டாவது ஏதோ வண்டியில் மோதி அடிபட்ட குதிரை இல்லை, அதுவும் துப்பாக்கிக்குதிரைதான். இதற்கும் ஒரு நாள் சொல் தேட வேண்டும்.) சினிமாவில் அதே துப்பாக்கி பதினோரு முறை சுடும். அதேபோல் கருமருந்து. நாலு பேர் ஒரு அறைக்குள் நாலு ரவுண்டு சுட்டால் எதிராளியின் முகமே தெரியாத அளவுக்குப் புகை மண்டும். புகையில்லா மருந்தை வியெய் என்ற வேதியியலாளர் பிரான்சில் கண்டுபிடித்ததே 1884-ல்தான், அது அமெரிக்க எல்லைப்புறத்துக்கு வந்து பரவ இன்னும் பத்து வருடம் ஆயிற்று. திரையிலோ ஊதுவத்திப் புகை.

கடைசியாக, என் முதல் மடலில் 'சத்தத் தோட்டா' என்று எழுதியதைப் பார்த்து, 'வெற்றுத் தோட்டா என்று ஏற்கெனவே இருக்கிறதே' என்று ஒருவர் தனிமடல் போட்டிருந்தார். தெரிந்தேதான் தவிர்த்தேன். அதற்குள் குண்டுதான் இல்லை, மருந்தும் அடைப்பும் முழுக்க இருக்கின்றன. 1984-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் ஒருவர், படப்பிடிப்பு இடைவேளையில், அப்படிப்பட்ட தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து விசையை அழுத்தினார். சில நாட்களில் இறந்துபோனார். 'வெற்று' என்று பெயர் வைப்பது ஆபத்து. 'குண்டிலித் தோட்டா' என்று ஒரு வடிவம் போட்டுப் பார்த்தேன், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததும் அழித்துவிட்டேன். நீளமானாலும் 'குண்டில்லாத் தோட்டா' என்றே கட்டுரையில் போடுகிறேன், யாருக்காவது இதைவிடக் குட்டையாக, சிரிப்பு வராதபடி ஒன்று தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.