புதுப்பிப்பு: டைட்டானியம் கோட்டிங் வேலை செய்யலன்னு கேட்டிருந்தேன்ல, காரணம் கெடச்சிட்டு

பாளையங்கோட்டையில நம்ம கடை பின்கட்டு சுவத்துல, கிருமிக்கும் வாடைக்கும்னு டைட்டானியம் டை ஆக்சைடு கோட்டிங் அடிச்சும் ஒரு மாத்தமும் இல்லைன்னு இங்கன பொலம்பிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சரியா பிடிச்சது "மொதல்ல லைட்ட பாரும்வே"ன்ன அண்ணாச்சிதான்.

அனடேஸ்ங்கிற டைட்டானியம் டை ஆக்சைடு படிக வகைக்கு பேண்ட் கேப் (உள்ள இருக்க எலக்ட்ரானைக் கெளப்ப ஒளிக்கு வேண்டிய குறைஞ்சபட்ச சக்தி) 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 388 நானோமீட்டருக்குக் கீழ உள்ள புற ஊதா ஒளி விழணும், அப்பத்தான் காத்துல உள்ள ஈரமும் ஆக்சிஜனும் ராடிக்கலா, அதாவது எதையும் சட்டுனு தாக்குற துணுக்கா மாறி அழுக்கை உடைக்கும், நம்ம எல்இடி டியூப்ல அது கிட்டத்தட்ட கிடையாதே!

அவரு சொன்னபடி ரெண்டு டைல்ஸ், ஒண்ணுல மட்டும் கோட்டிங், ரெண்டுலயும் மீன் தொட்டிக்கு ஊத்துற மெத்திலீன் ப்ளூ ஒரு சொட்டு. மொட்டை மாடி வெயில்ல மத்தியானத்துக்குள்ள கோட்டிங் டைல்ல நீலம் வெளுத்துட்டு, மத்தது லேசா மங்கினதோட சரி. ரூமுக்குள்ள ரெண்டும் அப்படியே நிக்கி. 365 நானோமீட்டர் லைட் மாட்டின பிறகு உள்ளயும் வெளுத்துச்சு, வாடையும் முக்கால்வாசி போயிட்டு. கண்ணுக்கு ஆகாதுல்லா, கடை பூட்டின பிறகுதான் போடுதேன்.

எதிர்பாக்காத ஒண்ணு: சாதா எமல்ஷன் மேல நேரா அடிச்சது, ஜன்னல் பக்கம் கைய வச்சா வெள்ளப் பொடி ஒட்டுது. பெயிண்ட்ல உள்ள பசையையும் சேத்து தின்னுருக்கு! நடுவுல சிலிக்கா பிரைமர் அடிக்கணுமாம், வித்தவன் வாயே தொறக்கல. தூசி படிஞ்சாலும் வெளிச்சம் உள்ள எட்டாது, அதனால மாசம் ஒருக்க ஈரத்துணியால துடைக்கேன்.