புதுப்பிப்பு: அம்மாவின் பல் இம்ப்ளான்ட், எட்டு மாதம் கழித்து

போன ஆவணியில் இங்கே கேட்டிருந்தேன்: 62 வயது அம்மாவுக்குக் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது, சர்க்கரையும் உண்டு, பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் நல்லதா, தாடை எலும்பில் டைட்டானியம் திருகு வைத்து அதன்மேல் பல் மாட்டும் இம்ப்ளான்ட் நல்லதா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

இம்ப்ளான்ட்தான் போட்டோம். பிரிட்ஜ் என்றால் பக்கத்தில் இருக்கும் இரண்டு நல்ல பற்களையும் ராவ வேண்டும். அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

முதலில் போன இடத்தில் சர்க்கரை அளவைக் கேட்காமலேயே "நாளைக்கே போட்டுவிடலாம்" என்றார்கள். அது இன்னும் உறுத்துகிறது. இரண்டாவது மருத்துவர் முதலில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுக்கச் சொன்னார். 8.9 இருந்தது. அது 7.1க்கு இறங்க மூன்று மாதம் ஆனது, அதுவரை அவர் தொடவே இல்லை. அப்புறம் சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்: எலும்பு எவ்வளவு உயரம், தாடை நரம்பு எவ்வளவு கீழே என்று பார்க்க.

திருகு வைத்த அன்று அம்மாவுக்கு வலியே இல்லை, மரத்துப்போகும் ஊசிதான். இரண்டு நாள் வீக்கம், கஞ்சியும் இடியாப்பமும்.

பிறகுதான் நீண்ட காத்திருப்பு. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர வேண்டும். சுவீடன் மருத்துவர் பிரோனெமார்க் இதைக் கண்டறிந்து, 1965இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். அம்மாவுக்கு நான்கு மாதம் விட்டுத்தான் மேலே பல் மாட்டினார்கள்.

நேற்று அந்தப் பக்கமாகவே வேர்க்கடலை மென்றார். பார்த்துக்கொண்டே நின்றேன்.

தினமும் இடுக்குப் பிரஷ் போடுகிறார். ஆறு மாதத்தில் எக்ஸ்ரே, அப்போது மறுபடி எழுதுகிறேன்.