ஜேசன் மன்ஹாட்டன் போறான்னு சொன்னாங்க, எங்க போறான்?

இருட்டுக்கடை:
ஜேசன்ங்கற கொலைகாரன் வர்ற ஹாரர் பட சீரிஸ் ஃப்ரைடே தி தேர்ட்டீன்த், அதோட எட்டாவது பார்ட் (1989) நேத்து நைட் பார்த்தேன். டைட்டில்ல நியூயார்க்கோட மன்ஹாட்டன், போஸ்டர்ல மன்ஹாட்டன், ஆனா ஒரு மணி நேரம் கப்பல்லயே ஓடுது. ஏரியில கிளம்புன கப்பல் எப்படிங்க கடலுக்கு வந்துச்சு? யாராச்சும் புரிய வைங்க

பழையடேப்:
ஏரிக்கும் கடலுக்கும் கனெக்‌ஷன் கேக்காதீங்க பாஸ், நாலாவது பார்ட்டுக்கே "தி ஃபைனல் சாப்டர்"னு பேர் வச்சவங்க அவங்க, ஆறாவதுல மின்னல் அடிச்சு ஜேசனோட பொணம் எழுந்து வருது, அதெல்லாம் ஓகேன்னு பார்த்துட்டு இங்க வந்து ஜியாகிரஃபி பேசுறீங்க 😂 நியூயார்க்கே பெரும்பாலும் கனடாவுல இருக்கற வான்கூவர்ல எடுத்ததுதான், டைம்ஸ் ஸ்கொயர் மட்டும் ஒரிஜினல்

மொட்டைமாடி:
எல்லாத்தையும் மன்னிச்சிடலாம், அந்த பாக்ஸிங் சீனுக்காக. பாவம் அந்தப் பையன் மாடியில நின்னு மூச்சு வாங்க குத்து குத்துன்னு குத்துறான், ஜேசன் அசையவே இல்ல, கடைசியில டயர்டாகி "நீ அடிடா"ங்கறான். ஒரே குத்து, தலை கழண்டு போய் கரெக்ட்டா குப்பைத்தொட்டிக்குள்ள. தொட்டி மூடியும் தானா மூடிக்குது!!

இருட்டுக்கடை:
அது சூப்பர்தான். ஆனா கிளைமாக்ஸ்? சாக்கடையில தினமும் நடுராத்திரி விஷக்கழிவு திறந்து விடுவாங்களாம், எந்த ஊர் கார்ப்பரேஷன்யா அது

பழையடேப்:
இதுக்கே இப்படின்னா, பத்தாவதுல ஆளு ஸ்பேஸுக்கே போறான். பார்த்துட்டு வாங்க, பேசுவோம்