கடற்கரைக் கால்பந்து உலகக் கோப்பை: பார்த்தவர்கள், ஆடியவர்கள் பகிர வாங்க

ஓரக்கோடு:
புதிதாகப் பார்க்கிறவர்களைக் குழப்புவது புள்ளிப் பட்டியல்தான். இங்கே டிரா கிடையாது. வழக்கமான நேரத்தில் ஜெயித்தால் 3 புள்ளி, கூடுதல் நேரத்தில் 2, பெனால்டியில் 1. தோற்றால், எப்படித் தோற்றாலும், சைபர். ஆக, இரண்டு ஆட்டத்தைப் பெனால்டியில் ஜெயித்த அணிக்கு 2 புள்ளி. ஒன்றே ஒன்றை நேரத்துக்குள் முடித்த அணிக்கு 3! மொத்தம் 16 அணி, 4 பிரிவு. பிரிவுச் சுற்றில் அணிக்கு மூன்றே ஆட்டம் என்பதால் கூடுதல் நேரத்துக்குப் போவதே பாதி நஷ்டம்.

வெறுங்கால்:
அதெல்லாம் சரி, மணலை விட்டுட்டீங்களே. குறைந்தது 40 செ.மீ. ஆழம் வேணும், கல்லும் கிளிஞ்சலும் இல்லாமல் சலிச்சிருக்கணும். ரொம்பப் பொடியா இருந்தாலும் ஆகாது, தோலில் அப்பிக்கும். பந்தில் காற்று 0.4 முதல் 0.6 வளிமண்டல அழுத்தம்தான். புல்தரைப் பந்தின் அழுத்தத்தில் அடிச்சா வெறுங்கால் தாங்காது.

தரையோடு பாஸ் கொடுத்தா குழியில் பட்டுத் திசை மாறிடும். அதனால பெருவிரலைப் பந்துக்கு அடியில் நுழைச்சுத் தூக்கணும்: முதல் தொடுதலில் எழுப்பி, அடுத்ததில் தொடையிலோ நெஞ்சிலோ நிறுத்தி, மூணாவதில் அடி. புதுசா வர்றவங்க சொதப்புறது ஊன்றுகாலில். அது புதைய, உடம்பு பின்னால் சாய, பந்து கம்பத்துக்கு மேலே போயிடும். ஊன்றுமுன் முழங்காலை நல்லா மடக்கி, எடையை முன்னால் கொண்டுவரணும்.

மணல்மேடு:
ஃப்ரீ கிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாமே நேரடி, அதாவது நேராகக் கோலுக்கே அடிக்கலாம்; எதிரணியினர் முன்னால் வரிசையாக நின்று சுவர் கட்டவே முடியாது. எதிரணிப் பாதியில் கிடைத்தால் உதைப்பவரையும் கோல்கீப்பரையும் தவிர அத்தனை பேரும் பந்துக்குப் பின்னால், 5 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். கோல் 5.5 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம். கோல்கீப்பருக்கு முன்னால் ஒருமுறை குத்தி எழும்புகிற மாதிரி தாழ்வாக அடிப்பதே நல்லது. எந்தப் பக்கம் எகிறும் என்று அவராலும் சொல்ல முடியாது. அலங்காரமாக வளைக்க முயல்வது என் கணக்கில் வீண். நடுக்கோட்டருகே செய்த அற்பத் தவறும் கோலில் முடியலாம், பயிற்சியாளர்கள் கத்துவது சும்மா இல்லை.

ஓரக்கோடு:
ஸ்கோர் எகிறுவதற்கும் அதுதானே காரணம். 2011இல் இத்தாலியின் ரவென்னாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரஷ்யா 12, பிரேசில் 8. மூன்று பகுதி, தலா 12 நிமிடம், இடையில் 3 நிமிட ஓய்வு, அவ்வளவுக்குள் இத்தனை! வெளியே போன பந்தை 4 விநாடிக்குள் உள்ளே அனுப்ப வேண்டும் என்பதால் முன்னணியில் இருப்பவர் நேரம் கடத்தவும் வழியில்லை.

வெறுங்கால்:
தஹிதியையும் சொல்லுங்க. 2015, 2017 ரெண்டிலும் இறுதிக்கு வந்த குட்டித் தீவு. முதல்ல போர்ச்சுகலிடம் 5-3, அப்புறம் பிரேசிலிடம் 6-0. புல்தரை உலகக் கோப்பையில் இது நடக்குமா?

மணல்மேடு:
நடக்காது. ஆனால் கோப்பை என்னவோ பெரும்பாலும் பிரேசிலுக்கே. 2025இல் செஷல்ஸில் பெலாரஸை 4-3 என்று வென்றது ஃபிஃபா நடத்தும் போட்டியில் அவர்களுக்கு ஏழாவது.