கோடுகள் நெருங்கும் இடத்தில் ஓடை

டெக்சாஸின் வடபகுதியில் உள்ள அமரில்லோ வழியாகக் காரில் போனவர்கள், அது பார்க்க ஒன்றுமில்லாத தட்டை நிலம் என்பார்கள். நிலத்தோற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு போன எனக்கு அப்படித் தோன்றவில்லை.

லானோ எஸ்டகாடோ என்னும் அந்த மேட்டுச் சமவெளி தென்கிழக்காகச் சரிகிறது. மைலுக்குப் பத்தடி அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. 1:24,000 அளவு வரைபடத்தில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் அகல அகலமாக விலகிக் கிடக்கின்றன. இடையிடையே உட்பக்கம் பல்வைத்த வளையங்கள்: மழை நீர் தேங்கும் பிளாயா பள்ளங்கள். கேன்யன் என்ற ஊருக்கருகே டியெரா பிளாங்கா ஓடையும் பாலோ டுரோ ஓடையும் கூடுகின்றன. அங்கிருந்து கிழக்கே போகப் போகப் பழுப்புக் கோடுகள் நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன; கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து என்று பொருள். அதுதான் பாலோ டுரோ பள்ளத்தாக்கு. நீளம் ஏறக்குறைய 190 கிலோமீட்டர், ஆழம் சில இடங்களில் 240 மீட்டருக்கும் மேல்.

இத்தனையையும் வெட்டியது பெரிய ஆறில்லை என்பதுதான் என்னை அசர வைத்தது. ராக்கி மலையிலிருந்து பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையுமே இந்தச் சமவெளியின் மேற்பரப்பு. பின்னர் மேற்கே பேக்கோஸ் ஆறு குறுக்கே புகுந்து மலைநீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மிஞ்சியது உள்ளூர் மழையும் ஊற்றும்தான். மேலே இறுகிய சுண்ணாம்புப் பாறை கூரைபோல நிற்க, அதன் அடியில் கசியும் நீர் மென்மண்ணைக் கரைக்கிறது; தாங்கல் இழந்த பாறை உடைந்து விழுகிறது. பள்ளத்தாக்கு இப்படியே மேற்கு நோக்கிப் பின்னேறுகிறது. வரைபடத்தில் விளிம்பெங்கும் கோடுகள் கூரான அம்பு முனைகளாக வளைந்து மேட்டைக் குத்துகின்றன. ஒவ்வொரு முனையும் நீர் வரும் திசையைக் காட்டுகிறது.

முந்தின இரவு மழை பெய்திருந்ததால், கீழே ஓடையைச் சாலை கடக்கும் இடத்தில் நின்று பார்த்தேன். செங்கற்பொடி கரைத்ததுபோல் நீர் கெட்டியாக ஓடியது. கரையில் 25 கோடி ஆண்டுப் பழமையான செம்பாறை, நடுவே வெள்ளை ஜிப்சக் கீற்றுகள்.

போகிறவர்கள் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் (USGS) இணையதளத்திலிருந்து வரைபடத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். மைலுக்கு ஒன்றாக நேர்கோட்டில் வரும் பண்ணைச் சாலைகள் எங்கே சட்டென்று நின்றுவிடுகின்றன என்று தேடுங்கள். பள்ளத்தாக்கின் விளிம்பு அங்கேதான் இருக்கிறது.